சாயாவுக்கு முன்னால் என்ஜின்

இந்த வருஷம் நம் படகு யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து சர்வேயர்களுக்கும் ஏதாவது எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டார். "சேட்டா, ஒரு இன்ஸ்பிரேஷன் போலே எந்தெங்கிலும்" என்றார். அந்தச் சரக்கு என்னிடம் கிடையாது. ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் இரண்டு வகைப் பேச்சுதான் கிடைக்கும். நான் எப்படிச் சாதித்தேன் என்பது ஒன்று. அதில் முக்கால்வாசி புளுகு. நான் எப்படிச் சொதப்பினேன் என்பது இன்னொன்று. அதை யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் வேலை போய்விடும். எனக்கு இனிப் போவதற்கு வேலை இல்லை, ஆகையால் எழுதுகிறேன்.

உங்களில் மூன்று பேர் என்னைப் போலவே மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவீர்கள், பள்ளியில் மலையாளம் படித்தீர்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் பேந்தப் பேந்த முழிப்பீர்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். முடியாதவர்கள் நாகர்கோவில் தங்கச்சியிடமோ தூத்துக்குடித் தம்பியிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதை மலையாளத்தில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேனேஜருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது ஏன் நல்லது என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

முதலில் நம் வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது அடி நீளத்தில் இரண்டு படுக்கையறை, ஒரு சமையல் மூலை, ஒரு கக்கூஸ் வைத்த மோட்டார் படகை வாங்க வருகிறவர் எவரும் படகு வாங்க வருவதில்லை. சோபா வாங்க வருகிறார். சோபா மிதக்கிறது, அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் மெத்தையை அமுக்கிப் பார்ப்பார். பிரிட்ஜைத் திறந்து மூடுவார். பாட்டுப் பெட்டியில் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று விசாரிப்பார். சோபாவுக்குக் கீழே ஒரு மூடி இருக்கிறது, அதைத் தூக்கினால் இரண்டு என்ஜின் இருக்கிறது, அவைதான் இந்தச் சோபாவைக் கடலிலிருந்து கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத விஷயம். அதை வாங்கும் முன் சோதித்து எழுதித் தரத்தான் சர்வேயர் என்று நம்மைக் கூப்பிடுகிறார்.

வாங்கிய பிறகு பராமரிப்பு என்று ஒன்று நடக்கும். அடேயப்பா! வாரத்துக்கு இரண்டு தடவை மேல்தளத்தைக் கழுவுவார்கள். கம்பிகளை முகம் தெரிகிற அளவுக்குத் துடைப்பார்கள். என்ஜின் அறை மூடியை வருஷத்துக்கு ஒரு தடவை திறப்பார்கள். ஆயுத பூஜை அன்று, சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு. இடக்கொச்சியில் ஒரு படகில் என்ஜினுக்கு வந்த தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது, வெடிப்பின் மேலேயே பொட்டு வைத்திருந்தார்கள். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார் சொந்தக்காரர். அம்மனுக்கு வேறு வேலை இல்லையா?

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் இந்தத் தொழிலில் காலை வைத்தபோது எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். சிடுமூஞ்சி. சர்வேக்குப் போனால் படகில் ஏறியதும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். நேரே போய் மூடியைத் தூக்கி, என்ஜினின் மேல் உள்ளங்கையை வைப்பார். குளிர்ந்திருந்தால்தான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார். சூடாக இருந்தால், "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். சாயா, பழம்பொரி, இளநீர், எது நீட்டினாலும் வேலை முடியும்வரை தொட மாட்டார். ஆறு வருஷம் அவர் பின்னாலேயே பை தூக்கினேன். ஆறு வருஷமும், 'என்ன ஜென்மமோ, நாலு பேரோடு பழகத் தெரியவில்லையே' என்றுதான் நினைத்தேன். அவர் போன பிறகு நான் ஆரம்பித்தேன், பழகத் தெரிந்த சர்வேயராக.

செல்வராஜ் முதலாளி இங்கே நம் பிராட்வேயில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்தார். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் குடமும் வாளியும் சைக்கிளில் கட்டி விற்றவர். அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது, அந்த ஒரு விஷயத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய சம்பந்தி களமசேரியில் தொழிற்சாலை வைத்திருந்தார், அவரிடம் ஒரு படகு இருந்தது. சம்பந்தி வீட்டு விசேஷத்தில் இரண்டு மணி நேரம் அந்தப் படகில் சுற்றிவிட்டு வந்த முதலாளிக்கு அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது.

இடக்கொச்சியில் ஒரு ரிசார்ட்காரர் தன் படகை விற்கப்போவதாகத் தெரிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு ஆனி மாதக் கடைசி. மறுநாள் ஆடி பிறக்கிறது, ஆடியில் எதுவும் வாங்கக் கூடாது. விற்கிறவர் மலையாளி, அவருக்கும் மறுநாள் கர்க்கடகம் பிறக்கிறது, கர்க்கடகத்தில் எதுவும் விற்கக் கூடாது. இந்த இரண்டு சமூகமும் எல்லாவற்றிலும் சண்டை போடும், இதில் மட்டும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அது வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். நான் படகுத்துறைக்குப் போகும்போதே ஒன்பதேகால்.

"அண்ணாச்சி, பத்தரைக்குள்ள கையெழுத்துப் போட்டு முடிச்சிரணும். வெரசா பாருங்க" என்றார் முதலாளி.

விற்கிறவர் தங்கமான மனுஷர். வெள்ளை வேட்டி, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். "சாரே, மழையத்து வந்தீங்க. ஆத்யம் ஒரு சாயா. பின்னே நோக்காம்" என்றார். மேசை போட்டு, ஆவி பறக்கும் சாயாவும் தட்டு நிறைய, நேந்திரம்பழத்தைச் சீவி மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் வைத்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சாயா அருமையாக இருந்தது. பழம்பொரி இரண்டு தின்றேன். இரண்டு இல்லை, மூன்று. இனி எதற்கு மறைக்க வேண்டும்?

பிறகு எழுந்து உள்ளே போனேன். ஒன்றைக் கவனியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போனேன். காலுக்கடியில் தரைப்பலகை வெதுவெதுவென்று இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மூன்று நாளாக விடாமல் மழை, இதில் வெயில் எங்கேயிருந்து வந்தது? அதையெல்லாம் யோசிக்கிற மூளை பழம்பொரிக்குள் புதைந்து கிடந்தது. பொத்தானை அமுக்கினார்கள். இரண்டு என்ஜினும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகளாகக் கிளம்பின. மணி பத்து. "இரண்டு என்ஜின்களும் தயக்கமின்றிக் கிளம்புகின்றன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராகுகாலத்துக்கு முன்பே காரியம் முடிந்தது, முதலாளி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். தேய்ந்துபோன டீசல் என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். திணறும், வெள்ளைப் புகை விடும், சில நாள் கிளம்பவே கிளம்பாது. ஒரு மணி நேரம் எப்படியாவது ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், அடுத்த தடவை ஒன்றும் தெரியாதது மாதிரி கிளம்பிவிடும். என்னைச் சாயாவோடு உட்கார வைத்ததற்கு உபசாரம் காரணமில்லை. அன்று விடியற்காலையிலேயே சூடாக்கிய என்ஜினின் மேலே நான் கை வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அணைத்த என்ஜின் ஆறும்போது வரும் டிக் டிக் சத்தம் கொஞ்சம் அடங்கவும் அவகாசம் கிடைத்தது. தங்கமான மனுஷர் என்று சொன்னேன் அல்லவா?

இதோடு போயிருந்தால் இது ஒரு பணக்காரர் ஏமாந்த கதை, அதற்கு யார் அழப்போகிறார்கள்? ஆனால் படகென்றால் அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும். இங்கே ஸ்ராங்கு என்போம். முதலாளிக்கு ஜோசி என்பவரைச் சிபாரிசு செய்ததும் நான்தான். ஜோசி இருபது வருஷம் பயணிகள் படகு ஓட்டியவர். நிலையான வேலை. அதை விடுவதற்கு முன்னால் என்னைத் தேடி மட்டாஞ்சேரி வீட்டுக்கே வந்தார். என்னிடம் பேசும்போது அவருக்குப் பாதி தமிழ், பாதி மலையாளம்.

"சேட்டா, வண்டி நல்லதாணோ? உள்ள ஜோலியை விட்டுட்டுப் போகணும். அதான் கேக்கேன்."

"நான் பார்த்த வண்டி. தைரியமா போ ஜோசி."

அவர் போனார், பழைய வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு. பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். இடது என்ஜின் காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது, புகை விடுகிறது என்றார். முதலாளியிடம் சொன்னால், "சர்வேயர் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கார், உனக்கு ஓட்டத் தெரியலை" என்கிறாராம். நான் எழுதிய காகிதம் அந்த மனுஷன் வாயை அடைத்தது. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்பதுதான் உண்மை. தரைப்பலகையின் சூடு அந்த நிமிஷமே என் உள்ளங்காலுக்கு ஞாபகம் வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பயணிகள் படகு என்ஜின் வேற, இது வேற ஜோசி. பழகப் பழகச் சரியாயிடும். பொத்தானைக் கொஞ்சம் நேரம் அமுக்கிப் பிடி."

இருபது வருஷம் ஓட்டியவனுக்குப் பொத்தான் அமுக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார். சரி என்கிற மாதிரி "ஆ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சிங்க மாதம் பிறந்தது, தமிழுக்கு ஆவணி. ஓணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி படகில் முதல் பயணம் வைத்தார். சம்பந்தி குடும்பம், இவர் குடும்பம், மகளின் இரண்டு குழந்தைகள் என்று பதினான்கு பேர். சிறப்பு விருந்தினர் நான். மாலை போட்டு, சோபாவில் உட்கார வைத்து, கையில் நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார்கள். கரையை விடும் முன் ஜோசி இடது என்ஜினைக் கிளப்பினார். ஏழெட்டுத் தடவை திணறி, இருமி, ஒரு வெள்ளைப் புகையை வெளியே தள்ளியது பாருங்கள், சம்பந்தியம்மாளின் பட்டுச்சேலை, வீடியோ எடுக்கிறவன் கேமரா எல்லாம் அதற்குள் மறைந்துபோயின.

முதலாளிக்கு மானம் போய்விட்டது. "ஏய், அந்தப் புகை விடுறதை நிப்பாட்டு! ஒண்ணுல போனா போதும்."

"நிறுத்தினா பின்னே ஸ்டார்ட் ஆவாது முதலாளி" என்றார் ஜோசி.

முதலாளி என்னைப் பார்த்தார். சம்பந்தியும் பார்த்தார். கழுத்தில் மாலை, வாயில் வறுவல். "ஒண்ணு போதும் ஜோசி" என்றேன் நான். ஜோசி இடது என்ஜினை அணைத்தார்.

கப்பல் போகும் பாதையின் ஓரமாக முகத்துவாரம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நீர் வற்றும் நேரம், எல்லாத் தண்ணீரும் கடலைப் பார்த்து இழுக்கிறது. மழைக்காலம் முடிந்த கையோடு ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து வரும், உங்களுக்குத் தெரியும். உள்ளே முதலாளி மைக்கைப் பிடித்துத் தன் சைக்கிள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வலது என்ஜினின் சூட்டு மணி அடித்தது. என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் வாயில் ஆகாயத்தாமரைப் பாயலும் ஒரு பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. அது பிராட்வேயில் வாங்கிய கவரா என்று நான் பார்க்கவில்லை.

ஜோசி படகைக் கரைப்பக்கம் திருப்பினார். ஓரம் என்றாலும் நாங்கள் இன்னும் பாதைக்கு உள்ளேதான் இருந்தோம். கடலிலிருந்து எங்களைப் பார்த்து ஒரு சரக்குக் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய கப்பலுக்கு அந்த இடத்தில் நிற்கவும் தெரியாது, ஒதுங்கவும் தெரியாது. தண்ணீர் எங்களை அதன் பக்கம்தான் இழுக்கிறது.

"சேட்டா, இடது என்ஜின் ஸ்டார்ட் ஆக்கு!"

நான் மாலையோடு ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினேன். உறுமியது, கிளம்பவில்லை. மறுபடியும். மறுபடியும். ஜோசிக்கு நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தும் பார்த்தேன். விளக்குகள் மங்கின. பாட்டு, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அதே பேட்டரியில்தான் மாட்டி வைத்திருந்தார்கள். நான் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"மதி, போதும் சேட்டா. கை எடுங்க. ஹார்ன் அடிக்க பேட்டரி வேணும்" என்றார் ஜோசி. குரல் உயரவே இல்லை. பிறகு, சூட்டு மணி அலறிக்கொண்டிருந்த வலது என்ஜினின் கைப்பிடியை முழுசாக முன்னால் தள்ளினார்.

"டேய், என்ஜின் போயிரும்டா! ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுடா!" முதலாளி மைக்கிலேயே கத்தினார். ஜோசி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை சுக்கானில், ஒரு கை ஹார்னில். கருகல் நாற்றம் அறை முழுக்க ஏறியது. குழந்தைகள் இரண்டும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. பாதையின் ஓரத்துச் சிவப்பு மிதவையைத் தாண்டியதும் வலது என்ஜின் பெரிய சத்தத்தோடு இறுகி நின்றுவிட்டது. "நங்கூரம்!" என்றார் ஜோசி. நான் ஓடிப்போய் இறக்கினேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

கரையோரச் சீன மீன்வலைகளுக்குப் பக்கத்தில், ஆழமில்லாத இடத்தில் படகு நின்றது. கப்பல் நாங்கள் இருந்த இடத்தின் வழியாகப் போனது. அதன் அலையில் பாயசப் பாத்திரம் கவிழ்ந்து சோபா முழுக்கப் பாயசம். உயிர்ச்சேதம் இல்லை. சோபாவைப் பார்த்துத்தான் முதலாளி அழுதார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அவருக்கு வேறு ஞானம் வந்துவிட்டது. ஸ்ராங்கு வேண்டுமென்றே வலது என்ஜினை எரித்துவிட்டான், குடித்திருந்தான், அவன் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தார். ஜோசி வாழ்க்கையில் குடித்ததே இல்லை. படகைப் பிரித்துப் பார்த்து அறிக்கை தரும் வேலை, வேறு யாருக்கு, எனக்குத்தான் வந்தது. முதலாளி யார்டுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, ஓட்டினவன் தப்புன்னு ஒரு வரி எழுதுங்க. உங்க பேருக்கும் பங்கமில்லை, எனக்கும் சம்பந்திகிட்ட மானம் மிஞ்சும். இல்லைன்னா, நல்லாருக்குன்னு எழுதினவர் யாருன்னு நாலு பேர் கேப்பாங்கள்ல?"

மிரட்டலைக்கூட எவ்வளவு பக்குவமாகச் சொன்னார் பாருங்கள். வியாபாரி.

இடது என்ஜினைத் திறந்தேன். உள்ளே தேய்மானம் இரண்டு மாதத்தில் வந்ததில்லை, வருஷக்கணக்கில் வந்தது. ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. அதை அப்படியே எழுதினால், 'தயக்கமின்றிக் கிளம்புகின்றன' என்று எழுதிய மேதாவி யார் என்ற கேள்வி வரும். எழுதாவிட்டால் ஜோசிக்கு லைசென்ஸ் போகும். பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை, அந்த வயதில் அவரை யார் வைத்துக்கொள்வார்கள்? இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு நாளும் யோசித்தது நியாயத்தைப் பற்றி என்று நினைக்காதீர்கள். எப்படிப் பூசி மெழுகுவது என்பதைப் பற்றித்தான். கடைசியில் நம் தொழிலின் தேசிய கீதத்தை எழுதினேன்: "பழுதுக்கான காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை." அழகான வரி. யாரையும் குத்தாது, யாரையும் காப்பாற்றாது.

கையெழுத்துப் போடவில்லை, அதற்குள் ஜோசி வந்தார். கெஞ்ச வந்திருப்பார் என்று நினைத்தேன், பதில்கூடத் தயார் செய்துவிட்டேன். அவர் நின்றபடியே ஒன்றைத்தான் கேட்டார்.

"சேட்டா, அன்னைக்கு இடக்கொச்சியில என்ஜின் மேல கை வெச்சுப் பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் இந்த ஆள் என் பேச்சைக் கேட்டு வேலையை விட்டவர், என் பேச்சைக் கேட்டு என்ஜினை அணைத்தவர். என் முன்னால் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறார், கோபமே இல்லாமல்.

"இல்லை ஜோசி. சாயா குடிச்சிட்டிருந்தேன்."

"ஆ. அப்படீன்னா அதை எழுதுங்க" என்றார். போய்விட்டார்.

வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இன்றைக்கும் அந்த அறிக்கை மனப்பாடம்: "இப்படகை வாங்கும்முன் பரிசோதித்தவன் நானே. நான் போவதற்கு முன்பே என்ஜின் சூடாக்கப்பட்டிருந்தது. நான் கை வைத்துப் பார்க்கவில்லை, சாயா குடித்துக்கொண்டிருந்தேன். இடது என்ஜின் குளிர்ந்த நிலையில் கிளம்பாது என்று ஸ்ராங்கு இருமுறை எச்சரித்தார், நான் தட்டிக் கழித்தேன். வலது என்ஜினைப் பலி கொடுத்து அவர் படகைப் பாதையிலிருந்து விலக்கியது சரியான முடிவு. அவர் மேல் தவறில்லை."

லைசென்ஸ் ஆபீசில் இதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஜோசி சுற்றுலாப் படகு ஒன்றில் சேர்ந்தார். என்னை ஒரு வருஷத்துக்கும் மேலாக எவனும் சர்வேக்குக் கூப்பிடவில்லை. அப்புறம் மெதுவாகக் கூப்பிட்டார்கள். அதற்குள் என் பெயர் துறை முழுக்கப் பரவிவிட்டது. நான் வருகிறேன் என்றால் விற்கிறவர்கள் பிளாஸ்கை ஒளித்து வைப்பார்கள். ஓய்வு பெறும்வரை எந்தப் படகிலும் எனக்கு ஒரு சொட்டு சாயா கிடைத்ததில்லை.

இதுவரை சொன்னது பழைய கதை. இனிமேல் சொல்வதற்குத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

போன வாரம் ஜோசியை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, இன்னும் ஓட்டுகிறார். கடைக்குக் கூட்டிப்போய் ஒரு சாயா வாங்கிக் கையில் கொடுத்தார்.

"குடிங்க சேட்டா. ரிட்டயர்ட் ஆயாச்சில்லே? இனி நீங்க எத்ர குடிச்சாலும் ஒருத்தனும் முங்க மாட்டான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் செய்தியைச் சொன்னார். செல்வராஜ் முதலாளி அந்தப் படகை விற்றுவிட்டார். வலது என்ஜினை அப்போதே மாற்றிவிட்டார், மாற்றாமல் முடியாது. இடது என்ஜினுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். இத்தனை வருஷமும் துறையிலேயே கட்டிப்போட்டு, உறவுக்காரர்களைச் சோபாவில் உட்கார வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது ஆனிக் கடைசியில், வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் அதே அவசரத்தில், இங்கே வீடு கட்டிக் குடியேறிய ஒரு கல்ஃப்காரருக்கு விற்றாராம். விடியற்காலையில் என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்தாராம். மேசை போட்டு சாயா வைத்தாராம். என்னிடம் பாடம் படித்தவர்களிலேயே உருப்பட்ட மாணவர் அவர்தான்.

வாங்குகிறவருக்காகச் சர்வே பண்ணப் போனது உங்கள் ஐந்து பேரில் ஒருவர். பெயர் எழுதவில்லை. இதை வாசிக்கும்போது நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள், ஒருவர் தரையைப் பார்ப்பீர்கள். உன் அறிக்கையை அந்தக் கல்ஃப்காரரிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. "இரண்டு என்ஜின்களும் தயக்கமின்றிக் கிளம்புகின்றன." கண்ணு, அந்த வரியை எழுதிய முதல் ஆள் நீ இல்லை. பழம்பொரி நன்றாக இருந்ததா?

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கர்க்கடகம் முடியும்வரை படகைக் கரையில்தான் ஏற்றி வைத்திருக்கிறார், சிங்கம் ஒன்றாம் தேதி குடும்பத்தோடு போகப்போகிறார். நான்கு குழந்தைகள், நான் எண்ணினேன். நான் போய்ச் சொன்னால் உன் பெயர் அத்தோடு முடிந்தது. நீயே போய்ச் சொன்னால், ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருப்பாய், அவ்வளவுதான். இந்த வாரக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குள் நீ போகவில்லையென்றால் திங்கட்கிழமை காலையில் நான் போவேன், அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம்.

போ. அவர் சாயா எடுத்து வரச் சொல்வார், வேண்டாம் என்று சொல். மூடியைத் தூக்கு, கையை வை, ஜில்லென்று இருக்கும். தண்ணீர் இழுக்கும் குழாயை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு அந்தப் பச்சை என்ஜினைக் கிளப்பிப் பார். அப்புறம் உட்கார்ந்து உன் அறிக்கையைத் திருத்தி எழுது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மேலே என்னுடையது இருக்கிறது, பார்த்து எழுது.